காணிக்கைப் பை போகும் வழி

தம்பி, சபை கமிட்டிக்குப் புதிதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். முதல் கூட்டத்திலேயே சண்டை என்று எழுதியிருக்கிறீர்கள். வடமாநிலத்தில் ஒரு மருத்துவமனைக்கு 20,000 ரூபாய் அனுப்பலாம் என்று ஒருவர் சொல்ல, நம் தெருவிலேயே ஓடு பிரிந்து கிடக்கும் வீட்டை விட்டுவிட்டு வடக்கே என்ன வேலை என்று இன்னொருவர் எழுந்துவிட்டாராம். ஒரு சபை உள்ளூருக்கும் வெளியூருக்கும் எப்படித்தான் உதவுகிறது, இரண்டில் எது முதலில், அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பெரியப்பா மகன் பணம் அனுப்பினால் வாங்கலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சபை ஒன்றில் 11 ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு மயக்கம் தீர வேண்டும். ஞாயிறு ஆராதனையில் சுற்றி வரும் பையில் விழுவதில் பெரும்பகுதி தருமத்துக்குப் போவதில்லை. ஊழியர் சம்பளம், மின்கட்டணம், ஒலிபெருக்கிப் பழுது, வெள்ளையடிப்பு, பல சபைகளை நிர்வகிக்கும் திருமண்டலத்துக்குச் செலுத்த வேண்டிய பங்கு என்று அது கரைந்துவிடும். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. கோயில் கதவு திறந்திருக்க ஆகும் செலவு அது. ஏழைக்கும் தூரத்து ஊழியத்துக்கும் போகும் பணம் பெரும்பாலும் வேறு வாசல்களால் உள்ளே வருகிறது. எங்கள் சபையில் திருவிருந்து ஞாயிறன்று சேரும் காணிக்கையை ‘ஏழைகள் நிதி’ என்று தனிப்பக்கத்தில் எழுதுவோம். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் நோன்பு நாட்களில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல் கொடுப்போம். சாயங்காலக் காப்பியை விட்டுவிட்ட பாட்டியின் காசு பேத்தியின் உண்டியலில் விழும். பிறந்தநாள், திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களில் ‘இன்னதற்கு’ என்று எழுதியே கொடுப்பவர்களும் உண்டு. அப்படி எழுதி வந்த பணத்தை வேறு எதற்கும் தொடவே கூடாது. அடுத்த மாதம் திருப்பி வைத்துவிடலாம் என்று ஒருமுறை எடுத்துவிட்டால், அதன்பிறகு அந்தப் பக்கத்தில் இருப்பது மசி மட்டும்தான்.

எல்லாவற்றிலும் கலகலப்பான வாசல் அறுப்பின் பண்டிகை ஏலம். பீடத்துக்கு முன்னால் பூசணிக்காயும் வாழைத்தாரும் பனங்கிழங்குக் கட்டும் குவிந்திருக்கும். ஒரு வருடம் காலைக் கட்டிய சேவல் ஒன்று ஒரே மாலையில் நான்கு தடவை ஏலம் போனது. எடுத்தவர் ‘கோயிலுக்கே’ என்று திருப்பிக் கொடுத்துவிட, மறுபடியும் முதலில் இருந்து ஏலம். சந்தையில் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் சேவல் மொத்தத்தில் 5,300 ரூபாய் கொண்டுவந்தது. நான்காவது தடவையில் சேவலே அலுத்துப்போய்க் கூவியது. இந்த ஏலத்தில் ஒரு வினையும் இருக்கிறது: பெரிய வீட்டுக்காரர்கள் ஒருவரை ஒருவர் முந்துவதைத்தான் கூட்டம் பார்க்கும். வயல் வேலைக்குப் போகும் ஒரு அம்மா துணியில் முடிந்து கொண்டுவந்த ஒரு படி உளுந்து கடைசியில், பாதிப் பேர் எழுந்து போன பிறகு, ஏலத்துக்கு வரும். நான் பொருளாளரான இரண்டாம் வருடம் அந்த வரிசையை மாற்றச் சொன்னேன். சிறிய பொருட்கள் முதலில், சேவலும் ஆடும் கடைசியில். வருமானம் குறையும் என்றார்கள், குறையவில்லை.

பழைய வாசல் ஒன்றும் இருந்தது, கைப்பிடி அரிசி. உலைக்கு அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து அடுப்படி மூலையில் இருக்கும் மண்கலயத்தில் அம்மா போடுவார். வாரக் கடைசியில் பெண்கள் சங்கத்தார் சாக்குடன் வருவார்கள். வீட்டுக்கு அரைப்படி, முக்கால்படி தேறும். இது நின்றுபோனதற்குப் பக்தி குறைந்துவிட்டதுதான் காரணம் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். அந்தச் சாக்கைச் சிறுவயதில் தூக்கியவன் என்பதால் எனக்கு வேறு காரணம் தெரியும். ரேஷன் புழுங்கல், பொன்னி, இட்லி அரிசி, பச்சரிசி எல்லாம் ஒரே சாக்கில் கலந்தால் ஒன்று குழையும், ஒன்று வேகாது. வாங்க ஆளில்லாமல் போனது. மிசோரமில் இதே பழக்கம் ‘புஃபாய் தம்’ என்ற பெயரில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து இன்றுவரை நிற்கிறது. வேளாவேளைக்குப் பெண்கள் எடுத்து வைக்கும் அரிசியைச் சபை சேர்த்து விற்கிறது. கோடிக்கணக்கில் பணமாகி, மாநிலத்துக்கு வெளியே இருக்கும் ஊழியர்களைத் தாங்குவது வரைக்கும் போகிறது. வீட்டில் யார் கையில் பணம் இல்லையோ அவர் கையில் அரிசி இருக்கும். அந்தக் கணக்கைப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது.

இனி உள்ளூர் விஷயம். பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பது எளிது என்று உங்கள் கமிட்டியில் நினைக்கிறார்கள் போலிருக்கிறது. என் அனுபவத்தில் அதுதான் கடினம். தூரத்து ஊருக்குப் பணம் அனுப்பினால் வாங்குகிறவர் நாளைக் காலை பால் கடையில் உங்கள் முகத்தில் விழிக்கப் போவதில்லை. அடுத்த தெருக்காரர் விழித்தாக வேண்டும்.

கணவரை இழந்த ஒரு அம்மாவுக்கு மாதம் ஒரு சிப்பம் அரிசி என்று கமிட்டியில் தீர்மானம் போட்டோம். ஆராதனை முடிந்ததும் முன்னால் அழைத்துக் கொடுக்கலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கும் எண்ணம் வரும் என்று ஒருவர் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம், நானும்தான். பெயர் வாசித்தபோது அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை வாசித்தார்கள். அப்புறம் சிப்பம் பீடத்தருகே அப்படியே கிடந்தது. அன்று இரவு, குருவானவருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் சைக்கிளில் வைத்துக் கொண்டுபோய் அந்த வீட்டுப் பின்வாசலில் இறக்கினார். அடுத்த இரண்டு ஞாயிறு அந்த அம்மா கோயிலுக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு முறையை மாற்றினோம். உதவி பெறுபவர் பெயர் குருவானவர், உபதேசியார், பொருளாளர் மூவருக்கு மட்டும். பதிவேட்டில் எண்தான் இருக்கும்; பெயர் இருக்கும் தாள் குருவானவர் பெட்டியில். பள்ளிக் கட்டணம் என்றால் பள்ளியிலேயே கட்டி ரசீது வாங்கிவிடுவது. மருந்து என்றால் மருந்துக்கடையில் சபை பெயரில் பற்று. சீட்டுடன் போனால் மற்றவர்களைப் போல வாங்கிக்கொண்டு வரலாம். மளிகைக்கும் அப்படியே. ஆண்டுக் கூட்டத்தில் ‘கல்வி உதவி 14 பேர், மருத்துவம் 9 பேர், இவ்வளவு ரூபாய்’ என்று வாசிப்போம். பெயரைக் கேட்டு ஒருவர் வருடம் தவறாமல் எழுவார். சொல்லமாட்டோம். அவரும் அடுத்த வருடம் தவறாமல் எழுவார்.

நம் சபையாருக்கு மட்டும்தானா என்ற கேள்வியும் வரும். ‘விசுவாச குடும்பத்தார்’ என்று வேதாகமத்தில் கலாத்தியர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். அதே வசனத்தில் அதற்கு முன்பே ‘யாவருக்கும்’ என்று இருப்பதைப் படித்துக் காட்டுங்கள். உதவிக்கு ஈடாக யாரும் கோயிலுக்கு வர வேண்டும் என்று சொல்லக் கூடாது. வந்தால் அரிசி, வராவிட்டால் இல்லை என்றால் அது வியாபாரம். நம் பக்கத்துச் சபைகளின் பொது விருந்தான அசனத்தைப் பாருங்கள். பந்தியில் உட்கார்ந்திருப்பவர் யார், எந்தத் தெரு என்று கேட்டா சோறு போடுகிறோம்? தூக்குவாளியை நீட்டுகிறவருக்கும் குழம்பு ஊற்றிவிடுகிறோம். வருடத்தில் ஒரு நாள் வருகிற அந்தத் தாராளம் மற்ற நாட்களில் கமிட்டி அறைக்குள் வருவதில்லை.

பாளையங்கோட்டைக்கு வாருங்கள். அஸ்க்வித் அம்மையார் 1890-இல் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும், ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் பெயரில் இருக்கும் காதுகேளாதோர் பள்ளியும் இன்றும் நடக்கின்றன. இப்படிப்பட்ட விடுதிகளுக்கு ஒருவேளை சாப்பாடு கொடுப்பது நம் சபைகளில் பெரிய வழக்கம். நல்ல வழக்கம்தான். ஆனால் எந்த விடுதிப் பொறுப்பாளரையும் கேட்டுப் பாருங்கள், டிசம்பரில் பிரியாணிக்குத் தேதி கேட்டு வரிசை நிற்கும். ஒரே நாளில் மூன்று குழுக்கள் கேக்குடன் வந்து நிற்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நோட்டு, சீருடை, சோப்பு, அடைத்துக்கொண்ட கழிவறைக் குழாய் என்று எல்லாத் தேவையும் ஒன்றாக வரும்; அப்போது ஒருவரும் இருக்கமாட்டார்கள். குழாயுடன் நின்று படம் எடுத்துக்கொள்ள முடியாது அல்லவா? எங்கள் வாலிபர் சங்கம் ஒரு வருடம் கிறிஸ்துமஸ் விருந்துப் பணத்தை அப்படியே வங்கியில் போட்டு வைத்து, ஜூனில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளும் ஒரு பிளம்பர் கூலியுமாகக் கொடுத்தது. அந்தப் பொறுப்பாளர் எங்களுக்கு எழுதிய நன்றிக் கடிதம் இரண்டே வரி. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

தூரத்துக்கு வருவோம். தூரத்தில் இருந்து வந்த தருமத்தால் உருவான ஊர்களே நம் பக்கம் உண்டு என்பதை அந்தக் கமிட்டிக்காரருக்கு நினைவூட்டுங்கள். 1820-இல் திருநெல்வேலிக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர், பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா கொடுத்த பணத்தில் நிலம் வாங்கிக் குடியேற்றிய ஊர்தான் டோனாவூர். பெயரிலேயே அந்தப் பிரபு இருக்கிறார். அவர் இந்த ஊரைப் பார்த்ததுமில்லை. ஆனால் ரேனியஸ் வெளிப்பணத்தோடு நிற்கவில்லை. புதிதாகச் சபையில் சேர்ந்து, ஊரில் இருக்க முடியாமல் விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830-இல் தரும சங்கம் என்று ஒன்றை அமைத்தார். உள்ளூர்ச் சபையார் போட்ட சந்தாவில் நடந்தது அது. இன்றும் சந்தாவைச் ‘சங்கம்’ என்றே சொல்கிற பெரியவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

பிறகு ஓட்டம் திரும்பியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1902-இல் யாழ்ப்பாணத்துக்குப் போயிருந்தபோது அங்கிருந்த தமிழ்ச் சபையார் தங்கள் சொந்தச் செலவில் கடல் கடந்து ஊழியரை அனுப்பித் தாங்கி வருவதைப் பார்த்தார். அவர்களைவிட எண்ணிக்கையில் பெரிய திருநெல்வேலிச் சபை, வாங்கிப் பழகியே இருக்கிறதே என்று அவருக்கு உறைத்தது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆட்கள் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது என்பதுதான் அதன் கொள்கை. தேர்ந்தெடுத்த இடம் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்த தோர்ணக்கல். மொழி தெலுங்கு, சொந்தபந்தம் ஒருவரும் கிடையாது. 1909-இல் அசரியாவே அங்கே போய்விட்டார். 1912-இல் அந்தப் பகுதிக்குப் பேராயரானார், ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர். பனையேறிகளும் விவசாயக் கூலிகளும் நிறைந்த சபைகள்தான் அந்தச் சந்தாவைக் கொடுத்தன. தெருவில் ஓடு பிரிந்த வீடு அன்றைக்கும் இருந்திருக்கும், தம்பி. இன்றைவிட அதிகமாகவே இருந்திருக்கும்.

எது முதலில் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் பதிவேட்டில் இருந்து வருகிறது. தெருவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று எங்கள் கமிட்டியில் சத்தம் போட்ட ஒருவர் அந்த வருடம் ஏழைகள் நிதிக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று புரட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வடக்கே ஒரு மருத்துவமனைக்கு மாதம் 300 ரூபாய் தவறாமல் கொடுத்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை, தெருப்பிள்ளை ஒருவனின் பாலிடெக்னிக் கட்டணத்தையும் மூன்று வருடம் கட்டியிருந்தார். 11 வருடப் பதிவேட்டில் பெரும்பாலும் இப்படித்தான்: தூரத்துக்குக் கொடுத்த கைகளே பக்கத்திலும் கொடுத்திருந்தன. ஆகவே கமிட்டியில் இதைப் பெரிய கொள்கைச் சண்டையாக ஆக்காதீர்கள். எங்கள் ஏற்பாடு இது: தருமத்துக்கென்று வரும் பணத்தில் 10-க்கு 6 உள்ளூருக்கு, 3 வெளியூருக்கு, 1 திடீர் ஆபத்துக்கு. ஆண்டின் தொடக்கத்திலேயே ஆண்டுக் கூட்டத்தில் பிரித்துவிட வேண்டும். அதன்பிறகு யார் எழுந்து நின்றாலும் விகிதம் மாறாது.

தூரத்துக்குக் கொடுப்பதில் வருகிற ஆபத்து வேறு. பக்கத்து வீட்டில் வாங்கியவருக்குக் கூச்சம். தூரத்தில் வாங்கியவர் யார் என்பதே தெரியாது. வெளிமாநிலத்தில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று வருடம் அனுப்பினோம். மாதாமாதம் கடிதம் வரும், பிள்ளைகள் கைகூப்பி நிற்கும் படம் வரும். ரயில்வேயில் வேலை பார்க்கும் எங்கள் சபையார் ஒருவர் அந்தப் பக்கம் போனவர் விலாசம் தேடிப் போய்ப் பார்த்தார். பூட்டிய கட்டடம். பிள்ளைகள் ஒன்றரை வருடத்துக்கு முன்பே வீடு போய்விட்டார்களாம். படங்களை எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பத்து மாதமும் பிள்ளைகள் வளரவே இல்லை. பொருளாளர் நான், அது என் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

இந்த விஷயத்தில் அப்போஸ்தலன் பவுல் நம்மைவிடக் கெட்டிக்காரர். எருசலேமில் கஷ்டப்பட்ட சபைக்காகத் தூரத்துச் சபைகளிடம் பணம் சேர்த்தார். கொரிந்தியருக்கு எழுதும்போது, வாரத்தின் முதல்நாள்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான் வந்த பிறகு சேர்க்காதீர்கள் என்கிறார். பணத்தைக் கொண்டுபோக ஆட்களை நீங்களே தெரிந்தெடுங்கள் என்கிறார். யாரும் குற்றம் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது என்று இன்னொருவரையும் கூட அனுப்புகிறார். கொரிந்தியர் முந்தின வருடமே உற்சாகமாக ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நின்றிருந்தார்கள் என்பதும், அவர்களைவிட ஏழைகளான மக்கெதோனியாக்காரர்கள் கேளாமலே கொடுத்தார்கள் என்பதும் அவர்களுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் இருக்கிறது. கமிட்டிகள் மாறவில்லை. இப்போது நாங்கள் தாங்கும் ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சபையார் இருவர் சொந்தச் செலவில் போய்ப் பார்த்து வருகிறார்கள். முடியாத தூரமென்றால் தணிக்கை செய்த கணக்கைக் கேட்கிறோம். கேட்டால் வருத்தப்படுகிற இடத்துக்கு அனுப்புவதில்லை. இங்கேயும் காணிக்கை எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் இருக்க வேண்டும், பையைத் திறந்து எண்ணி முடித்துக் கையெழுத்துப் போடும்வரை யாரும் அறையை விட்டுப் போகக் கூடாது.

திடீர் ஆபத்துப் பங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்தபோதுதான் சுனாமிச் செய்தி. அந்த வாரமே வீடு வீடாகப் பழைய துணி சேர்த்து லாரியில் நாகப்பட்டினத்துக்கு அனுப்பினோம். அங்கே எல்லா ஊரில் இருந்தும் வந்த பழைய துணி சாலையோரம் மலையாகக் கிடந்தது. எங்களுடையதும் அதில் ஒன்றானது. கடலோடிக் குடும்பத்துக்கு அன்று தேவை பானை, அடுப்பு, வலை. நாம் அனுப்பியது நம் அலமாரியில் இடம் அடைத்துக்கொண்டிருந்ததை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது அந்தப் பாடம் கைகொடுத்தது. அதற்கு அந்த வருட ஆபத்துப் பங்கு கையில் இருந்தது. கிறிஸ்துமஸ் அலங்காரப் பணத்தையும் சேர்த்தோம். முதலில் இருவர் போய்ப் பார்த்தார்கள், பட்டியல் வந்தது: பாய், போர்வை, இரண்டு பாத்திரம், ஸ்டவ், பிள்ளைகளுக்குப் பாடநோட்டு. அதை மட்டும் வாங்கினோம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்களே, அவர்களிடம் எந்தக் கமிட்டியும் தீர்மானம் போடவில்லை.

உங்கள் பெரியப்பா மகன் விஷயம். அவர் இன்னும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தன் சொந்தச் சம்பாத்தியத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால், அது வெளிநாட்டு நன்கொடை என்ற கணக்கில் வராது, சபை வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவு அல்லது முன்அனுமதி இல்லாத சபை அதில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் விழ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவுள்ள ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் வழியில்லை. ஆகவே ‘வேறு யார் கணக்கிலாவது போட்டு வாங்கிக்கொள்ளலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; நோட்டீஸ் வரும்போது கையெழுத்துப் போட்டவர் பெயருக்குத்தான் வரும். அண்ணனுக்கு இன்றைக்கே போன் செய்து எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டுவிடுங்கள். பழைய பாசத்தில் அவர் நேராகக் குருவானவர் கணக்குக்கு அனுப்பிவிடப் போகிறார்.